ஒன்றரை மீட்டர் தூரத்தில் ஒரு முகம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் எந்தப் பட்டுக்கடைக்குள் நுழைந்தாலும், முகூர்த்த மாதங்களில் இந்தக் காட்சி கண்ணில் படும். கல்யாணப் பெண் புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள். கூட வந்த சித்தி செல்போனை எடுத்து, முகமும் முந்தியும் சட்டத்தை நிறைக்கும்வரை கிட்டே போய் ஒரு படம் எடுக்கிறார். படம் ஊரில் இருக்கும் பாட்டிக்குப் பறக்கிறது. அரை நிமிஷத்தில் பதில்: “புடவை நல்லா இருக்கு. பொண்ணு ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டா?”

பெண் இளைக்கவில்லை. கடை விளக்கு, செல்போன், பாட்டியின் கண் எதன் மேலும் குற்றமில்லை. சித்தி நின்ற இடம்தான் காரணம்.

ஒருவருடைய மூக்கு நுனிக்கும் காதுக்கும் முன்பின்னாக சுமார் 12 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். செல்போன் மூக்கிலிருந்து 40 செ.மீ. தள்ளி இருந்தால், காதிலிருந்து 52 செ.மீ. தள்ளி இருக்கும். படத்தில் ஒரு பொருளின் அளவு அதன் தூரத்துக்கு நேர் எதிராகப் போகும். ஆகவே காதை வரைந்த அளவுகோலைவிட 30 சதவீதம் பெரிய அளவுகோலில் மூக்கு வரையப்படுகிறது. ஒன்றரை மீட்டர் பின்னால் போனால் கணக்கு 150-க்கு 162. வித்தியாசம் 8 சதவீதமாகச் சுருங்கிவிடும். நான்கு மீட்டரில் அது வெறும் 3 சதவீதம். கிட்டே போகப் போக மூக்கு முன்னால் வருகிறது, கன்னமும் காதும் பின்வாங்குகின்றன, முகம் ஒடுங்குகிறது. பாட்டி பார்த்தது அந்த ஒடுக்கத்தை.

அமெரிக்காவில் முக அறுவை மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரின் குழு 2018-ல் இதையே கணக்குப் போட்டு வெளியிட்டது. 12 அங்குலத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கின் அகலம், 5 அடியில் எடுத்த படத்தில் இருப்பதைவிட ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரிகிறது. மூக்கைச் சிறிதாக்கச் சொல்லி வருகிறவர்கள் ஆதாரமாக செல்ஃபியைக் காட்டியதுதான் அவரை இந்தக் கணக்கில் இறக்கியது.

இதில் லென்ஸ் எங்கே வந்தது? இன்னும் வரவில்லை. முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தூரம் மட்டுமே. நம்பாதவர்கள் ஒரே இடத்தில் நின்று 24 மி.மீ. லென்ஸில் ஒரு படமும் 85 மி.மீ. லென்ஸில் ஒரு படமும் எடுத்து, முதல் படத்தின் நடுவில் இருக்கும் முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் பார்க்கலாம். நுணுக்கம் குறையும், மூக்கு, காது, தாடையின் விகிதம் இம்மியும் மாறாது. “85 மி.மீ. லென்ஸ் முகத்தை அழகாக்கும்” என்று கேமரா கடையில் சொல்வது பாதி உண்மை. அந்த லென்ஸ் முகத்தை ஒன்றும் செய்வதில்லை. எடுப்பவரைப் பின்னால் தள்ளுகிறது.

எவ்வளவு தள்ளுகிறது? தலையும் தோளும் அடங்க 60 செ.மீ. உயரம் வேண்டும் என்று கொள்வோம். ஃபுல் ஃப்ரேம் எனப்படும் 36×24 மி.மீ. சென்சாரை நிமிர்த்திப் பிடித்தால் இந்த 60 செ.மீ. அதன் 36 மி.மீ.யில் விழ வேண்டும். அதற்கு லென்ஸின் குவியத் தூரத்தைப் போல சுமார் பதினெட்டு மடங்கு தள்ளி நிற்க வேண்டும். 35 மி.மீ. லென்ஸ் என்றால் 62 செ.மீ.; 50 மி.மீ. என்றால் 88 செ.மீ.; 85 மி.மீ. என்றால் ஒன்றரை மீட்டர், 135 மி.மீ. என்றால் 2.4 மீட்டர். செல்போனின் பிரதான கேமரா பெரும்பாலும் 24 மி.மீ.க்கு இணையானது. அதில் இதே சட்டம் கிடைக்க 42 செ.மீ. தூரத்துக்குப் போயாக வேண்டும். சித்தி போனது அங்கேதான்.

கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் ரானி பிரையன், பியெத்ரோ பெரோனா, ரால்ஃப் அடால்ஃப்ஸ் மூவரும் 2012-ல் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரே ஆட்களை 45 செ.மீ.யிலும் 135 செ.மீ.யிலும் படம் எடுத்தார்கள். முகம் இரண்டிலும் ஒரே அளவு தெரியும்படி சரிசெய்து, பார்ப்பவர்களிடம் மதிப்பீடு கேட்டார்கள். கிட்டத்தில் எடுத்த முகங்களுக்கு நம்பகத்தன்மை, திறமை, கவர்ச்சி மூன்றிலும் மதிப்பெண் குறைந்தது. காரணம் என்னவென்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. யாராவது நம் மூஞ்சிக்கு அரை மீட்டர் பக்கத்தில் வந்து நின்றால் எழும் சங்கடம், தட்டையான படத்தைப் பார்க்கும்போதும் ஓரளவு எழுகிறது போலும்.

இந்த 135 என்ற எண்ணைக் கொஞ்சம் கவனியுங்கள். விலை குறைந்த கேமராக்களில் இருப்பது ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சார், நீளவாக்கில் 24 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. அதில் சாதாரண 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸைப் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது) பூட்டித் தலையும் தோளுமாகச் சட்டம் கட்டினால், நிற்க வேண்டிய தூரம் 132 செ.மீ. சோதனைச்சாலையில் மதிப்பெண் வாங்கிக் கொடுத்த தூரத்தில், கடையில் கிடைப்பதிலேயே மலிவான லென்ஸ் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. போர்ட்ரெய்ட் எடுக்கத் தொடங்குகிறவர் லட்ச ரூபாய் லென்ஸைப் பற்றிக் கனவு காணுமுன் இதை யோசிக்க வேண்டும். இந்த லென்ஸ் மலிவாக இருப்பதற்கும் தரத்துக்கும் சம்பந்தமில்லை. 1896-ல் சைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் வடிவமைத்த பிளானர் லென்ஸின் ஏறக்குறைய சமச்சீரான அமைப்பு, நூற்றாண்டு கடந்தும் 50 மி.மீ.க்கு அச்சாகப் பொருந்துகிறது. முன்பாதியின் பிழைகளில் பலவற்றைப் பின்பாதியே திருத்திவிடுவதால் ஆறேழு கண்ணாடித் துண்டுகளோடு வேலை முடிகிறது.

மனித முகத்துக்கென்று கணக்குப் போட்டு முதன்முதலில் செய்த லென்ஸ் இதைவிட மூத்தது. 1839-ல் டாகேரின் புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது, அன்றிருந்த லென்ஸ்களில் போதிய ஒளி நுழையவில்லை. வெயிலில் நிமிஷக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசெஃப் பெட்ஸ்வால், பீரங்கிப் படையில் கணக்குப் போடத் தெரிந்த வீரர்கள் சிலரை உதவிக்கு வைத்துக்கொண்டு, 1840-ல் எஃப்/3.6 அளவு திறக்கும் லென்ஸ் ஒன்றைக் கணித்து முடித்தார். ஃபோய்க்ட்லெண்டர் நிறுவனம் அதைச் செய்து விற்றது. முந்தைய லென்ஸைவிட ஏறத்தாழ இருபது மடங்கு ஒளி. ஆள் உட்கார வேண்டிய நேரம் நொடிகளுக்குக் குறைந்தது. நடுவில் கூர்மை, ஓரங்களில் குழைவு என்பது அதன் குறை. முகம் நடுவில்தானே இருக்கும் என்பதால் அந்தக் குறையே ஒரு பாணியாகிவிட்டது. 2013-ல் லோமோகிராஃபி நிறுவனம் பித்தளை உருளையோடு அதை 85 மி.மீ.யில் மறுபடி கொண்டுவந்தபோது, ஆட்கள் வாங்கியது பெரும்பாலும் அந்தச் சுழலும் குழைவுக்காகத்தான்.

நம் பக்கத்தில் லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி என்று பெரிய கேமராவோடு சுற்றிப் படம் எடுத்தார். கோபுரமும் மண்டபமும்தான் பெரும்பாலும். கல் அசையாது, லென்ஸ் மெதுவாக இருந்தால் அதற்கென்ன.

இனி காஞ்சியின் நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துக்குப் போகலாம். லென்ஸ் பற்றிய பாடங்களெல்லாம் தடுமாறும் இடம் அது. நெசவாளர் வீட்டின் கூடத்தைத் தறியே நிறைத்திருக்கிறது. குழித்தறி என்றால் தரையில் குழி, குழிக்குள் மிதிகள். நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து கால்களைக் குழிக்குள் விட்டிருப்பார். அவர் முகம் நம் இடுப்புக்கும் கீழே. நின்றபடி எடுத்தால் நெற்றி பெரிதாகவும் தாடை சிறிதாகவும் விழும். முன்பு மூக்குக்குச் சொன்ன அதே கணக்குதான், இப்போது மேலிருந்து கீழாக. அதனால் முதல் வேலை தரையில் உட்காருவது. இரண்டாவது, முதுகுக்குப் பின்னால் சுவருக்கு எவ்வளவு இடம் என்று பார்ப்பது. பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம்.

இங்கே 85 மி.மீ. லென்ஸ் முகத்தை மட்டும் பிடிக்கும். தறி தெரியாது, பாவு தெரியாது, ஊடை நூலை ஓட்டும் நாடா தெரியாது. பட்டு நெய்கிறவர் படத்தில் பட்டு இல்லாமல் போகும். ஆளும் தறியும் சேர்ந்து 1.2 மீட்டர் அகலம் வேண்டும் என்றால், கேமராவைப் படுக்கையாகப் பிடித்து 85 மி.மீ.யில் எடுக்க 2.9 மீட்டர் பின்னால் போக வேண்டும், அதாவது தெருவுக்கு. 50 மி.மீ.க்கு 1.7 மீட்டர். 35 மி.மீ.க்கு 1.2 மீட்டர், கூடத்துக்குள்ளேயே. 35 மி.மீ. லென்ஸில் ஆட்களை எடுக்கக் கூடாது என்று பல வழிகாட்டிகளில் எழுதியிருப்பதைத் திருத்திப் படிக்க வேண்டும்: முகத்தை மட்டும் வைத்துச் சட்டத்தை நிரப்பக் கூடாது, அவ்வளவே. 1.2 மீட்டர் தள்ளி நின்றால் மூக்கும் காதும் அடங்கியே இருக்கும், லென்ஸில் என்ன எண் எழுதியிருந்தாலும் சரி.

ஆனால் வேறொரு சிக்கல் உண்டு, அது கோர்வைப் புடவைக்கே உரியது. உடல் ஒரு நிறமும் கரை வேறு நிறமுமாகப் பிணைத்து நெய்யும் கோர்வைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். ஒருவரால் ஆகாது, பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் கரை நாடாவை வாங்கி விட வேண்டும். பல வீடுகளில் அது மனைவி. படத்தில் நெய்கிறவர் நடுவில், துணைக்கு இருப்பவர் சட்டத்தின் ஓரத்தில். விரிகோண லென்ஸ் நேர்கோடுகளை நேராகக் காட்டுவதற்காக ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருள்களை வெளிப்பக்கமாக இழுக்கும். 35 மி.மீ.யில் பக்க ஓரத்தில் இந்த இழுப்பு 12 சதவீதம். 24 மி.மீ.யில் 25 சதவீதம். நெசவில் பாதிப் பங்கு உள்ள அந்தப் பெண்மணியின் முகம் மட்டும் அகன்று விழும். கேமராவைச் சற்றே அவர் பக்கம் திருப்பி, இருவரும் நடுவிலிருந்து சம தூரத்தில் வரும்படி வைத்தால் போதும். இழுப்பு வெகுவாகக் குறையும். தறி சமச்சீராக விழாது. விழாவிட்டால் போகிறது.

வெளிச்சம் அடுத்த கவலை. பழைய ஓட்டு வீடுகளில் கூரையில் பதித்த கண்ணாடி ஓடும் வாசலும்தான் வெளிச்சம் தருபவை. எஃப்/4-ல் 1/25 நொடி கேட்கும் வெளிச்சத்தில் எஃப்/1.8 லென்ஸ் 1/125 நொடியில் படம் எடுத்துவிடும், ஒளி ஐந்து மடங்கு நுழைவதால். 1/25 நொடியில் முகம் தப்பிக்கலாம். நாடா விடும் கை தப்பிக்காது. கேமராவோடு வரும் சாதாரண ஜூம் லென்ஸ் தறிக்கூடத்தில் திணறுவது இதனால்தான். ஃப்ளாஷ் அடிக்கலாமே என்பார்கள். அடித்தால் சரிகை முழுக்கத் திருப்பி அடிக்கும், அந்தக் கூடத்தின் மங்கல் போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. புகைப்படக் கலைஞர் ஆன்ரி கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஃப்ளாஷை வெறுத்தவர்; பெரும்பாலும் ஒரே 50 மி.மீ. லென்ஸோடு வாழ்ந்தவர். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களை அவர் எடுத்த படங்களில் இடமும் ஆளும் பிரியாமல் இருப்பதற்குக் காரணம் கொஞ்சம் அந்த லென்ஸ், மீதி அவர்.

புடவை நெய்யப்பட்டு, கடைக்குப் போய், கல்யாணப் பெண்ணின் மேல் வந்த பிறகு கேள்வி வேறாகிறது: எதைத் தெளிவாகக் காட்டுவது, எதைக் கலைப்பது?

85 மி.மீ. எஃப்/1.8 லென்ஸை முழுக்கத் திறந்து, முன்பு சொன்ன தலை-தோள் சட்டத்தில் எடுத்தால் கூர்மையாக விழும் பட்டை சுமார் 3 செ.மீ. ஆழம்தான். கண்ணில் குவித்தால் மூக்குத்தி எல்லையில் தத்தளிக்கும். ஜிமிக்கி குழையும். தோளில் மடித்துக் குத்திய முந்தி மஞ்சள் புகையாகிவிடும். எஃப்/1.4 என்றால் ஆழம் இரண்டரை செ.மீ. ஒரு தம்பதி வாரக்கணக்கில் உட்கார்ந்து கோர்த்த கரையை லென்ஸ் வளையத்தின் ஒரு திருகலில் அழித்துவிடலாம். எஃப்/5.6-க்கு மூடினால் பட்டை 10 செ.மீ. ஆகும், முகமும் நகையும் கரையும் சேர்ந்து நிற்கும். காஞ்சிப் பட்டு கட்டிய மணமகளுக்கு எஃப்/4-க்கும் எஃப்/5.6-க்கும் நடுவில்தான் என் ஓட்டு. எஃப்/1.2 லென்ஸுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் இன்னொரு புடவையே எடுக்கலாம்.

இங்கே பலரும் எதிர்பாராத ஒன்று இருக்கிறது. முகம் ஒரே அளவு விழும்படி அவரவர் தூரத்துக்குப் போய் நின்றால், 50 மி.மீ. எஃப்/1.8, 85 மி.மீ. எஃப்/1.8, 135 மி.மீ. எஃப்/1.8 மூன்றுக்கும் அந்தக் கூர்மைப் பட்டை ஏறக்குறைய ஒன்றே. நீளமான லென்ஸில் ஆழம் குறைவு என்பது ஒரே இடத்தில் நின்றால் மட்டும் உண்மை. ஆனால் வெகு தூரப் பின்னணி குழைவதில் மூன்றும் வெவ்வேறு. அதற்கான கணக்கு அதிசயிக்கும்படி எளிது. மிகத் தொலைவில் இருக்கும் ஒரு சிறு விளக்கு, படத்தில் எவ்வளவு பெரிய ஒளிவட்டமாக விரியும்? மணமகளின் முகத்தின் மேல், லென்ஸ் திறப்பின் விட்டத்தில் ஒரு வட்டம் வரைந்தால் எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அவ்வளவு. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் அந்த விட்டம் கிடைக்கும்: 85-ஐ 1.8-ஆல் வகுத்தால் 47 மி.மீ.; முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு. 50 மி.மீ.க்கு 28 மி.மீ. வரதராஜர் கருட சேவை இரவில் தெருக்கோடியில் தொங்கும் சீரியல் விளக்குகள் மணமகளுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய முத்துகளாகும் என்பதைக் கடையில் நின்றே மனக்கணக்காகச் சொல்லிவிடலாம்.

செல்போனுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். அதன் லென்ஸ் திறப்பு உண்மையில் சுமார் 4 மி.மீ.தான். 4 மி.மீ. வட்டத்தில் என்ன குழையும்? ஒன்றும் குழையாது. அதனால்தான் போர்ட்ரெய்ட் மோடு என்ற பெயரில் மென்பொருள் ஆளின் எல்லையை ஊகித்து, மற்றதைத் தானே மங்கலாக்குகிறது. ஊகம் தவறும் இடங்கள் நம் ஊரில் அதிகம்: ஜிமிக்கி வளையத்துக்குள் இருக்கும் இடைவெளி, காதோரம் பிரிந்த முடி, பின்னலில் தொங்கும் மல்லிகைச் சரம். சரத்தில் நான்கு பூ தெளிவாகவும் ஐந்தாவது பூ கரைந்தும் இருந்தால் அது மென்பொருளின் வேலை. செல்போன்தான் இருக்கிறது என்றால் 2× அல்லது 3× லென்ஸுக்கு மாறி, ஒன்றரை மீட்டர் பின்னால் போங்கள். மங்கலைப் பற்றிக் கவலை வேண்டாம், மூக்கு தப்பிக்கும்.

பின்னணியைக் கரைத்தே ஆக வேண்டுமா என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம். கல்யாண ஜோடிகள் படத்துக்காகக் கைலாசநாதர் கோயிலுக்கு வருகிறார்கள். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மப் பல்லவன் எடுப்பித்த மணற்கல் கோயில் அது. பாய்ந்து நிற்கும் சிம்மத் தூண்கள், திருச்சுற்று நெடுகச் சின்னச் சின்னச் சன்னதிகள். ஆளுக்கு ஒரு மீட்டர் பின்னால் சிம்மம் இருந்தால், 85 மி.மீ. எஃப்/1.8-லும் குழைவு 47 மி.மீ. ஆகாது, சுமார் 19 மி.மீ.தான். சிம்மம் சிம்மமாகத் தெரியும், ஆனால் முகத்தோடு போட்டி போடாது. அதற்குமேல் கரைத்தால் அந்தப் படத்தை எந்தச் செங்கல் சுவர் முன்னாலும் எடுத்திருக்கலாம். காலை வெயிலில் எதிர்ச்சுவரின் மணற்கல்லே இளமஞ்சள் ஒளியை முகத்தின் நிழல் பக்கத்துக்குத் திருப்பித் தருகிறது; தனியாக விளக்கு வேண்டியதில்லை.

கல்யாண மண்டபத்தில் இந்த நுணுக்கமெல்லாம் நடக்காது. முகூர்த்த நேரத்தில் வீடியோக்காரர்கள் மேடையை மறைத்துக்கொள்வார்கள். மிச்சம் கிடைக்கும் சந்துக்கு 70-200 ஜூம்தான் சரி.

லென்ஸைத் தேர்ந்தெடுத்தாயிற்று, வாங்குமுன் சோதிக்க வேண்டும். சோதனை அட்டையெல்லாம் தேவையில்லை, காஞ்சியில் எல்லா வீட்டிலும் ஒரு சரிகைக் கரை இருக்கும். பட்டுநூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசிய சரிகையை வெயிலில் வைத்தால், ஒவ்வொரு சுற்றும் கண்ணைக் கூசும் புள்ளியாக மின்னும். ஒரு லென்ஸுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை கிடையாது. புடவையை மேஜையில் சாய்வாக விரித்து, நடுவில் குவித்து, லென்ஸை முழுக்கத் திறந்து ஒரு படம் எடுங்கள். எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்க முடியாத லென்ஸ் என்றால், குவியத்துக்கு முன்னால் இருக்கும் மின்னல்களைச் சுற்றி ஊதாச் சிவப்பும், பின்னால் இருப்பவற்றைச் சுற்றிப் பச்சையும் படியும். அரக்கு உடலில் அது தெரியாமல் தப்பலாம், வெண்பட்டில் தப்பாது. பிறகு எஃப்/2.8, எஃப்/4 என்று படிப்படியாக மூடி, எந்த எண்ணில் நிறக்கசிவு மறைகிறது என்று பாருங்கள். உங்கள் லென்ஸ் எஃப்/4-லேயே சுத்தமாகிவிட்டால், மணமகளை எடுக்கப் போகும் எண்ணும் அதுதான். அதற்குக் கீழே திறக்க முடியும் என்பதற்காகக் கொடுக்கும் பணம் வீண்.

அதே புடவையை ஒருவர் கட்டி நிற்க, தலைமுதல் கால்வரை இன்னொரு படம் எடுங்கள். 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் இரண்டு மீட்டர் உயரத்தை 6000 புள்ளிகள் பங்குபோட்டுக்கொள்கின்றன. புடவையில் ஒரு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு புள்ளி. நெருக்கமான சரிகைக் கோடுகளும் இழை வரிசையும் இந்த இடைவெளிக்குப் பக்கத்தில் வந்தால் அவையும் சென்சாரின் புள்ளி வரிசையும் ஒன்றோடொன்று மோதி, புடவையில் இல்லாத வானவில் அலைகள் படத்தில் ஓடும். லென்ஸ் கூர்மையாக இருந்தால் அலை இன்னும் மோசம். கணினியில் அழிக்கப் பார்த்தால் புடவையின் நிறமும் சேர்ந்து போகும். ஓரடி முன்னாலோ பின்னாலோ நகர்ந்து மறுபடி எடுத்தால் பெரும்பாலும் போய்விடும்.